தடம் விலகின் எச்சரிக்கும் கருவி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. சென்ற ஆண்டு இம்மேடையில் சிலம்பின் சிறப்பைக் கேட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு கம்பனைக் கேட்டோம். இவ்வாண்டு, பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படியேறாத, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எம்மை அழைத்து, மோட்டார் வண்டியில் உள்ள ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். யாம் பொறியியல் கற்றவர் அல்லோம். ஆயினும் இப்பொருள் எம் குடும்பத்தைத் தொட்டுச் சென்றது. நம் குடியிருப்பில் ஊருக்குக் காரில் செல்லும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடக்கூடியது. ஆதலின் துணிந்து நிற்கின்றோம். குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

முதலில் எமக்குத் தெரிந்த இரயில் வண்டியிலிருந்து தொடங்குவோம். இரயில் வண்டிக்கு வழி தவறும் கவலை இல்லை. அதன் சக்கரத்தின் உட்புறத்தில் ஒரு விளிம்பு உண்டு. அவ்விளிம்பு சக்கரத்தைத் தண்டவாளத்தை விட்டு இறங்கவிடாமல் தடத்திலேயே நிறுத்துகிறது. நம் நாட்டின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,676 மில்லிமீட்டர். அந்த அகலத்துள் அடங்கி, ஆயிரம் பேரைச் சுமந்துகொண்டு, நள்ளிரவிலும் வண்டி நேரே செல்கிறது. மோட்டார் காருக்கு அத்தகைய விளிம்பும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அதற்குத் தண்டவாளமாய் அமைந்தது சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு ஒன்றே. இரும்பு செய்யும் வேலையைச் சுண்ணாம்புக் கோடு செய்ய வேண்டுமானால், அக்கோட்டைக் காண விழித்திருக்கும் கண் ஒன்று வேண்டும். அந்தக் கண் அயர்ந்தால் என்னாவது என்பதே இன்று நம்முன் உள்ள வினா.

இக்கோட்டின் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் 1911-இல் சாலையின் நடுவே கோடு தீட்டியதாகக் கூறுவர். கலிபோர்னியாவில் சூன் மெக்கரோல் என்னும் பெண் மருத்துவர், எதிரே வந்த லாரி தம் வண்டியைச் சாலையினின்றும் ஒதுக்கித் தள்ளிய பின்னர், 1917-இல் தாமே சாலையின் நடுவில் வெள்ளைக் கோடு தீட்டினார் என்பர். அம்மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறையினர் 1924-இல் அம்முறையை ஏற்றுக்கொண்டனர். பிணியாளரைக் காக்கும் மருத்துவர் ஒருவர் வழிச்செல்வோரையும் காக்க முனைந்தார் என்பது நினைக்கத் தக்கது.

கோடு கண்ணுக்கு மட்டும் உரியது. கண் மூடினால் அது பயன்படாது. ஆகவே செவிக்கும் உடலுக்கும் எச்சரிக்கை செய்யும் வழியைத் தேடினர். 1950-களில் நியூ செர்சி மாநிலத்தில் சாலையோரத்தை வரிவரியாக அமைத்து, சக்கரம் அதன்மேல் ஏறினால் ஓசை எழுமாறு செய்தனர். பாடும் சாலையோரம் என்று மக்கள் அதனை அழைத்தனராம். இரயில்வேயிலோ இவ்வறிவு அதனினும் பழையது. மூடுபனியில் கைகாட்டி தெரியாதபோது, அதற்கு 270 மீட்டர் முன்னதாகத் தண்டவாளத்தின்மேல் வெடிகளைப் பொருத்தி வைப்பதுண்டு. எஞ்சின் அவற்றின்மேல் ஏறியதும் வெடியோசை கேட்டு ஓட்டுநர் விழிப்படைவார். கண் தவறும் இடத்தில் காது காவல் நிற்கும் என்பதே இதன் தத்துவம்.

இனி, நம் கருவிக்கு வருவோம். இதனைத் தடம் விலகல் எச்சரிக்கைக் கருவி என்று சொல்லலாம். காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால், உட்புறத்துக் கண்ணாடியை ஒட்டி, ஒரு சிறு காமிரா இருக்கிறது. அது சாலையை ஒரு நொடிக்குப் பலமுறை படம் பிடிக்கிறது. தார்ச்சாலை கருமை, கோடு வெண்மை. கருமையிலிருந்து வெண்மைக்கும், வெண்மையிலிருந்து மீண்டும் கருமைக்கும் படம் மாறும் இடங்களைக் கணிப்பொறி தேடுகிறது. அவ்விடங்களை இணைத்தால் கோடு கிடைக்கிறது. இடக்கோடும் வலக்கோடும் தொலைவில் ஒன்றை ஒன்று நெருங்குவதுபோல் தோன்றும் கோணத்தைக் கொண்டு, சாலை நேரே செல்கிறதா வளைகிறதா என்றும், நம் சக்கரம் கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்றும் கணக்கிடுகிறது. கார் கோட்டை நெருங்கும்போது திருப்ப விளக்குப் போடப்பட்டிருந்தால், ஓட்டுநர் அறிந்தே தடம் மாறுகிறார் எனக் கருதிக் கருவி வாளாவிருக்கும். விளக்குப் போடாமல் கோட்டை நெருங்கினால், அவர் அயர்ந்தார் எனக் கருதி ஒலி எழுப்பும். சில வண்டிகளில் ஓட்டுவளையம் அதிரும். ஒரு படி மேலே சென்று, தானே வளையத்தை மெல்லத் திருப்பி வண்டியைத் தடத்துக்குள் கொண்டுவரும் வகையும் உண்டு. நகரத்தின் நெரிசலில் ஓயாது ஒலிக்காதிருக்கும் பொருட்டு, பெரும்பாலான வண்டிகளில் இக்கருவி மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பின்னரே பணி தொடங்கும்.

காமிராவைக் கொண்டு சாலையைப் படிக்கும் கலையை வளர்த்தவர்களுள் செருமானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் முதன்மையானவர். அவர்தம் குழுவினர் 1987-இல் ஒரு பெரிய வேனைக் காமிராவின் துணைகொண்டே மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகத்தில் தடம் தவறாது ஓட்டிக் காட்டினர். 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மெர்சிடிசு லாரிகளில் எச்சரிக்கைக் கருவி விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் சப்பானின் நிசான் கார் ஒன்றில் தடத்தில் நிறுத்த உதவும் கருவி வந்தது. 2015 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கனரக வண்டிகள் அனைத்திலும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. நம் நாட்டில் முதலில் விலையுயர்ந்த வண்டிகளில் தலைகாட்டி, அதன்பின் நடுத்தர வண்டிகளுக்கும் பரவியது. 2025-இல் நடுவணரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பேருந்துகளிலும் லாரிகளிலும் இத்தகைய கருவிகளைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை வெளியிட்டது.

இவ்விடத்தில் நாம் பெருமை கொள்ளத் தக்க செய்தி ஒன்று உண்டு. 2021-இல் வெளிவந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 என்னும் வண்டியின் உயர்வகைகளில் இக்கருவி இடம்பெற்றது. அவ்வண்டி உருவான இடம் செங்கற்பட்டை அடுத்துள்ள மகிந்திரா ஆய்வு மையம். அது தொழிற்சாலையில் செய்யப்பட்ட இடம் நம் புனேயை அடுத்த சாக்கன். தமிழகத்தில் கருக்கொண்டு மராட்டியத்தில் பிறந்த வண்டி அது! நம் குழந்தைகளுள் பலரும் அப்படித்தானே! நம் நாட்டு மோட்டார் வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆராய்ச்சிக் கழகமும், 1966-இல் நிறுவப்பெற்று, நம் நகரின் வேதாள் குன்றின்மேல் அமைந்துள்ளது. கோத்ரூடுக்குச் செல்வோர் அதனைக் கண்டிருப்பர்.

இக்கருவி எவ்வளவு காலத்துள் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் கணக்கெழுதுபவன் முறையில் சிறிது பார்ப்போம். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். பெரிய கார் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர். கார் நடுவில் சென்றால் இருபுறமும் எஞ்சுவது 80 சென்டிமீட்டர். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்தால் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு எனலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 முதல் செய்துவந்த பயணிப் பெட்டியின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே. அஃதாவது, நொடிக்கு ஒரு பெட்டி! அவ்வேகத்தில் வண்டியின் முகம் இரண்டே பாகை திரும்பினால், அந்த 80 சென்டிமீட்டரும் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஓட்டுநர் மூன்று நொடி கண்ணயர்ந்தால் மூன்று பெட்டி நீளம் குருடாகச் செல்கிறார். மூன்று நொடி என்பது ஒரு கொட்டாவி விடும் நேரம் அன்றோ!

இனி எம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதைச் சொல்லாவிடில் இவ்வுரைக்குப் பொருள் இல்லை.

ஒரு பொங்கலுக்குச் சேலத்தை அடுத்த எம் ஊருக்குப் புறப்பட்டோம். எம் அன்னையார் முழங்கால் நோவுடையவர். இரயிலில் ஏறி இறங்க இயலாதவர். ஆதலின் எம் மைத்துனர் தாம் புதிதாக வாங்கிய காரில் எங்களை அழைத்துச் செல்ல முன்வந்தார். அவர் அன்று காலை அலுவலகம் சென்று, நண்பகலில் திரும்பி, மாலை 4 மணிக்கு வண்டியை எடுத்தவர். சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஊப்ளி எனக் கடந்தோம். தாவணகெரேயைத் தாண்டியபோது பின்னிரவு 3 மணி இருக்கும். அப்போது வண்டிக்குள் கிண் கிண் என ஓர் ஒலி எழுந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்தது. மூன்றாம் முறை எழுந்தபோது பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அன்னையார் விழித்து, "என்னப்பா அது, தூங்கவிடாமல்?" என்றார்.

யாம் என்ன செய்தோம் தெரியுமா? "மாப்பிள்ளை, அந்த ஓசையை நிறுத்திவிடுங்கள், அம்மா தூங்கட்டும்" என்றோம். "சரி, அத்தான்" என்று அவரும் ஒரு பொத்தானை அழுத்தி அதனை நிறுத்தினார். அதன்பின் வண்டிக்குள் நல்ல அமைதி. அன்னையார் உறங்கினார். யாம் உறங்கினோம். மைத்துனரும் உறங்கினார்.

யாம் விழித்தது பேரோசை கேட்டு. இடச்சக்கரங்கள் இரண்டும் தாரை விட்டு மண்ணில் இறங்கி, சிறுபாலத்தின் ஓரக்கல்லை உரசி, முன்சக்கரம் வெடித்து, வண்டி சுழன்று நின்றிருந்தது. கல்லுக்கு அப்பால் இருளில் ஓடை. இறைவன் அருளால் எவர் உயிரும் போகவில்லை. அன்னையாரின் வலக்கை எலும்பு முறிந்தது. வழியிலிருந்த ஊர் ஒன்றில் மருத்துவமனையின் வாயிலில் எங்களுக்குப் பொங்கல் விடிந்தது. அன்னையார் எவரையும் ஒரு சொல் கடிந்தாரில்லை. மைத்துனர் மட்டும் ஒருமுறை எம்மை நோக்கினார். ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்தார். மும்முறை எம்மைத் தட்டி எழுப்பிய காவலனை வாயை மூடு என்று அடக்கியவர் யாமே. அவரைக் குறை சொல்ல எமக்கு உரிமை இல்லை. அன்னையார் இன்றும் அந்தக் கையால் கோலம் இடுவதில்லை, பேத்தி இடுகிறாள்.

இப்பிழை எம் ஒருவருடையது மட்டும் அன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தடம் விலகுவதால் நேரும் வகையைச் சேர்ந்த விபத்துகள், இக்கருவி உள்ள வண்டிகளில் நூற்றுக்கு 11 குறைந்திருந்தன. அவற்றுள் காயம் நேர்ந்த விபத்துகள் நூற்றுக்கு 21 குறைந்திருந்தன. பயன் உண்டு என்பது தெளிவு. ஆனால் அதே ஆய்வகத்தார் பழுதுபார்க்க வந்த வண்டிகளைப் பார்வையிட்டபோது, ஏறத்தாழப் பாதி வண்டிகளில் இக்கருவியை உரியவர்களே நிறுத்தி வைத்திருக்கக் கண்டனர். ஓசை தொல்லை என்று கருதினர் போலும். மருந்து கசக்கிறது என்று நோயாளி கீழே ஊற்றிவிடுவது போன்றதே இது.

இரயில்வேயில் அவ்வாறு எளிதில் செய்ய இயலாது. மின்சார எஞ்சினில் விழிப்புணர்வுக் கருவி என ஒன்று உண்டு. ஓட்டுநர் 60 நொடிகள் எந்த விசையையும் தொடாதிருந்தால் ஒரு விளக்கு மின்னும். 8 நொடிகளில் அதனைக் கண்டு பொத்தானை அழுத்தாவிடின் ஓசை எழும். மேலும் 8 நொடிகள் வாளாவிருந்தால் தடை தானே விழுந்து வண்டி நின்றுவிடும். ஓட்டுநரை நம்பாமையால் வைத்ததன்று அது. மனிதன் களைப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, அவனுக்குத் துணையாக வைத்தது. நெடுநேரம் உழைத்த எவர்க்கும் கண் சொருகும். அதில் இழிவு இல்லை. களைப்பை மறைப்பதில்தான் கேடு இருக்கிறது.

இனி, இக்கருவியால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கோடு இருந்தால்தான் கருவி காணும். நம் காத்ரஜ்–கோந்த்வா சாலையை எண்ணிப் பாருங்கள். 2018-இல் தொடங்கிய அகலப்படுத்தும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. பள்ளமும் புழுதியும் சரளையும் கிடந்த இடத்தில் கோட்டை எங்கே தேடுவது? மழைநீர் தேங்கி விளக்கொளி பட்டுப் பளபளக்கும்போது காமிரா மயங்கும். பழைய கோட்டை அழிக்காமல் புதிய கோட்டைத் தீட்டியிருந்தால், எது மெய்யான கோடு என்று அது திகைக்கும். சிமெண்டுச் சாலையின் வெளிறிய நிறத்தில் வெள்ளைக் கோடு தெளிவாய்த் தெரிவதில்லை. கண்ணாடியில் சேறு படிந்தால் கருவிக்கும் கண் மறைக்கும். மேலும், தடம் விலகாமலே நேரும் விபத்துகள் பல. 2022 நவம்பரில் நம் நகரின் நவலே பாலத்தருகே, இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று பல வண்டிகளை மோதியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய இடத்தில் கோடு பார்க்கும் கருவி யாரையும் காக்காது. 2022-இல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என அரசின் கணக்குக் கூறுகிறது. இத்துணைப் பெருந்துயரை ஒரு காமிரா துடைத்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா.

ஆகவே நம் குடியிருப்புக் குடும்பங்களுக்கு யாம் வேண்டிக்கொள்வன சில.

முதலாவது, வண்டியில் இக்கருவி இருப்பின் நெடுஞ்சாலையில் அதனை நிறுத்த வேண்டா. உறக்கம் கெடுகிறது என்று பின்னிருக்கையில் உள்ளோர் முறையிட்டால், அவ்வோசை நம்மை வீடு சேர்க்கும் ஓசை என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, ஓசை ஒருமுறை கேட்டால் கருவி பழுது என்று ஐயுறுமுன் ஓட்டுநரின் கண்ணைப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்டால் வண்டியை ஓரிடத்தில் நிறுத்தித் தேநீர் அருந்துங்கள். மூன்றாம் முறை கேட்டால் விடியும்வரை உறங்கிவிட்டுச் செல்லுங்கள். பொங்கல் பானை நமக்காகச் சிறிது காத்திருக்கும்.

மூன்றாவது, தடம் மாறும்போதெல்லாம் திருப்ப விளக்கைப் போடும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். விளக்குப் போடாமல் மாறுவோரிடமே கருவி ஓயாது கத்துகிறது. பிறகு அது தொல்லை என்று அதனை நிறுத்துகின்றனர். பிழை கருவியினுடையதன்று.

நான்காவது, பகலெல்லாம் உழைத்தவர் இரவெல்லாம் ஓட்ட வேண்டா. ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் இருப்பவர் உறங்க வேண்டா. யாம் உறங்கினோம், அதனால் சொல்கின்றோம்.

ஐந்தாவது, இக்கருவி இல்லாத வண்டி வைத்திருப்போர் வருந்த வேண்டா. நம்மில் பலரிடம் இருப்பது பழைய வண்டியே. பக்கத்தில் அமர்ந்து பேச்சுக் கொடுக்கும் மனைவியும், "அப்பா, கோடு!" என்று கூவும் பிள்ளையும் எந்தக் கருவிக்கும் குறைந்தவர் அல்லர். அவர்கள் சொல்லைக் கேட்டுச் சினவாதிருந்தால் போதும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். சாக்கனிலும் செங்கற்பட்டிலும் இத்தகைய கருவிகளை ஆக்குவோர் நம் போன்ற குடும்பங்களின் பிள்ளைகளே. வெளிநாட்டுச் சாலைக்கென அமைந்த கருவி, மாடும் மிதிவண்டியும் கரும்பு வண்டியும் ஒன்றாய்ச் செல்லும் நம் சாலையில் தடுமாறுகிறது. நம் சாலையை நன்கறிந்தவர் நீங்கள். கோடு அழிந்த சாலையிலும் தடம் காணும் கருவியை நீங்கள் ஆக்கித் தாருங்கள். அதுவரை, கோட்டை ஒழுங்காகத் தீட்டுங்கள் என்று மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதும் பணியை எம் போன்ற எழுத்தர்களிடம் விடுங்கள். அது எமக்கு நன்றாக வரும்.

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தவர் நாம். ஆண்டுக்கு ஒருமுறை நம்மை எதிர்நோக்கி அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒரு முதியவரோ மூதாட்டியோ திண்ணையில் அமர்ந்து சாலையைப் பார்த்திருக்கிறார். அங்கே நாம் ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் அவர்கள் முகம் மலரும். போய்ச் சேர வேண்டும், அதுவே முதன்மை. இவ்வாண்டு ஊருக்குப் புறப்படும் அன்பர் ஒவ்வொருவரும் வண்டியை எடுக்குமுன் எம் அன்னையாரின் கையை ஒருமுறை நினைத்துக்கொள்வீர்களாயின், யாம் பேசியது வீண்போகாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!